வந்த நாயும் இருந்த நாயும்

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலே தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த ஆண்டுகளிலே 'நாய்' என்னும் தலைப்பில் மாணவர் எழுதிய கட்டுரைகளை எத்தனை நூறு திருத்தியிருப்பேனோ, கணக்கில்லை. எல்லாக் கட்டுரைகளும் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: 'நாய் நன்றியுள்ள மிருகம்.' எல்லாக் கட்டுரைகளும் ஒரே வாக்கியத்தில் முடியும்: 'ஆகவே நாம் நாய்களிடத்து அன்பாயிருத்தல் வேண்டும்.' நடுவிலே அது வீட்டைக் காக்கும், வேட்டைக்கு உதவும், பொலிசாருக்குத் துப்புத் துலக்கும் என்பன வரிசையாக வரும். நானும் சிவப்பு மையினாலே சந்திப் பிழைகளைத் திருத்தினேனேயன்றிக் கருத்துப் பிழையைத் திருத்தினேனல்லேன்.

அக்கருத்துப் பிழை யாதென்று கேட்பீர்கள். நாயினுடைய நன்றியைப் பற்றி இத்தனை பேசுகின்ற நாம், அதை வீட்டுக்குக் கொண்டுவருகின்ற மனிதனுடைய பொறுப்பைப் பற்றி ஒரு வரிதானும் பேசுவதில்லை. எந்த நாயைத் தெரிவது, எதற்காகத் தெரிவது, வீட்டிலே முன்னமே ஒரு நாய் இருக்குமாயின் வந்ததையும் இருந்ததையும் எப்படி இணக்குவது என்பன கட்டுரைக்குரிய விஷயங்களென்று நமக்குத் தோன்றியதேயில்லை. தோன்றாமையின் விலையை நான் என் வீட்டிலேயே செலுத்தினேன். அதனாலேதான் இதை எழுதத் துணிகிறேன்.

என் வீடு கப்பல்துறையில் உள்ளது. பெயரிலே கப்பல் இருந்தாலும் எங்கள் படலையில் நின்று நாள்தோறும் நாம் காண்பது கண்டி வீதியில் விரையும் லொறிகளைத்தான். அவ்வீதியோரத்தில் ஒரு மாலை, உரப்பை ஒன்று அசைவதைக் கண்டேன். அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள். ஐந்தும் பெட்டைகள். கடுவன் ஒன்றேனும் இல்லை. கடுவன்களை வீட்டில் நிறுத்திக்கொண்டு, அல்லது கேட்டவர்க்குக் கொடுத்துவிட்டு, பெட்டைகளை மாத்திரம் பையிலே கட்டி வீதியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் யாரோ ஒருவர். இது எங்கள் ஊருக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. சந்தையடியிலும் கோயில் வாசலிலும் குளக்கட்டிலும் இலங்கை முழுவதும் காணத்தக்க காட்சிதான். அந்த ஐந்தினுள் ஒன்றை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏன் ஒன்றை மாத்திரம் தூக்கினேன் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன். அதைக் கூறுவதற்கு முன் றெக்ஸின் கதையைக் கூறியாக வேண்டும்.

1957ஆம் ஆண்டிலே பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். கப்பல்கள் போயின. ஆயினும் வெள்ளைக்கார அதிகாரியின் வாசலிலே சங்கிலியில் நின்ற சாதிநாயின்மேல் எங்கள் தந்தையர் தலைமுறைக்கு உண்டான மயக்கம் போகவில்லை. அம்மயக்கம் எனக்கும் சீதனமாக வந்தது. ஓய்வுபெற்ற பணம் கையிலே இருந்த காலத்தில், கொழும்பிலிருந்து அல்சேஷன் குட்டி ஒன்றை விலைகொடுத்து வாங்கினேன். அதற்கு ஐந்து வாரம்கூட நிரம்பவில்லை. காதுகள் நிமிரும், மார்பு அகலும், வீதியால் போவோர் திரும்பிப் பார்ப்பர் என்பனவே என் தெரிவுக்குரிய காரணங்கள். பெயர் றெக்ஸ் என்று வைத்தோம். அப்பெயரின் பொருள் அரசன் என்பதாம். வீட்டிலே அப்போது ஆறு வயதுள்ள ஊர்நாய் ஒன்று இருந்தது. அதன் பெயர் கறுப்பன். அரசன் வந்த வீட்டிலே குடியானவனுக்கு என்ன நடக்குமோ அது கறுப்பனுக்கு நடந்தது.

விறாந்தையில் அவன் படுத்த சாக்கு றெக்ஸுக்குப் போயிற்று. அவன் பின்புறத்து விறகுக் கொட்டிலுக்குப் போனான். றெக்ஸுக்குப் பாலும் முட்டையும், கறுப்பனுக்கு மிச்சச் சோறு. அதுவும் ஒரே இடத்தில், ஒருவன் வாய்க்கெட்டிய தூரத்தில் மற்றவனுக்கு. றெக்ஸ் தன் தட்டில் வாய்வைத்தபோது கறுப்பன் உறுமினான். நான் கறுப்பனைப் பிரம்பால் அடித்தேன். சில மாதங்களில் அவன் உறுமுவதை நிறுத்திவிட்டான். நான் அதைச் சமாதானம் என்று எண்ணினேன்.

அது சமாதானமன்று. உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. 'இதற்குமேல் வராதே' என்று அது மரியாதையாகச் சொல்லும் வார்த்தை. அதை அடித்து அடக்கினால் நாய் எச்சரியாமற் கடிக்கப் பழகுமேயன்றிக் கோபத்தை மறக்காது. றெக்ஸுக்குப் பதினான்கு மாதமான ஒரு காலைப்பொழுதிலே என் பேரன், ஐந்து வயதுப் பிள்ளை, இருவருக்கும் நடுவே நின்று விசுக்கோத்து ஒன்றை நீட்டினான். நொடிப்பொழுதில் இரண்டும் கட்டிப் புரண்டன. என் மனைவி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியிராவிடின் கறுப்பன் செத்திருப்பான். அவனுடைய இடக்காது கிழிந்தது. பேரனுடைய முன்கை பல்பட்டுப் பிளந்தது. எந்த நாயின் பல் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம். ஊசிகள் போடப்பட்டன. பிள்ளை பிழைத்தான். ஆயினும் இன்றும் நாயைக் கண்டால் பாட்டியின் சேலைக்குள் ஒளிகிறான்.

அந்த வாரமே றெக்ஸைத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். 'பொல்லாத நாய்' என்று அயலாரிடம் சொன்னேன். அவர்களும் ஆமென்றார்கள். மனைவி மாத்திரம் ஒன்று சொன்னாள்: "நாயிலே பிழை சொல்லாதேங்கோ. புதுசைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு வந்து, பழசைக் கொட்டிலிலை விட்டது நீங்கள்தானே." அவள் சொன்னது உண்மை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்த இரண்டு ஆண்டுகளிலே நாய்களைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். மிருக வைத்தியரிடமும் கேட்டேன். அவ்வாறு அறிந்தவற்றுள் முக்கியமானவை சிலவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, வயது. அமெரிக்காவிலே பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஆய்வுகூடத்தில் ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் நாய்க்குட்டிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி உலகத்தோடு உறவு பழகும் காலம் என்பது அவர்கள் கண்ட முடிபு. அக்காலத்தின் முற்பகுதியிலே தாயும் உடன்பிறப்புகளுமே அதற்கு ஆசிரியர். கடித்தால் நோகும் என்பதையும், மற்றவன் சிணுங்கினால் விட்டுவிட வேண்டும் என்பதையும் குட்டி அங்கேதான் கற்கிறது. ஐந்து வாரத்தில் றெக்ஸைப் பிரித்தவன், எழுத்தறியுமுன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தியவனுக்கு ஒப்பாவான். எட்டு வாரத்துக்குமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது.

இரண்டாவது, சாதி. அல்சேஷன் என்றால் வீரம், லப்ரடோர் என்றால் சாந்தம், ஊர்நாய் என்றால் திருட்டு என்று நாம் ஜாதகம் எழுதி வைத்திருக்கிறோம். 2022ஆம் ஆண்டிலே 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சி, பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை அவற்றின் உடையவர்களிடம் கேட்டறிந்தும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவைப் படித்தும் செய்யப்பட்டது. தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டிலே இனம் காரணமாக வருவது ஏறக்குறைய 9 வீதமே என்று அது காட்டிற்று. எனவே இனப்பெயரைக் கொண்டு ஒரு நாயின் குணத்தைச் சொல்ல முற்படுவது, குலப்பெயரைக் கொண்டு மனிதனை அளப்பதைப் போன்ற அறியாமையே.

அப்படி அளந்த வரலாறு நம்மிடம் உண்டு. ஆங்கிலத்திலே ஊர்நாய்க்கு வழங்கும் 'பறையா' என்னும் அடைமொழி, நம் மொழியிலே ஒரு மக்கட் பிரிவினர்க்கு வழங்கிய பெயரினின்றும் பிறந்தது. மனிதரை இழித்த சொல்லை நாய்க்குச் சூட்டினார்கள். பின்பு அதே சொல்லால் நாயையும் இழித்தார்கள். படித்தவர் வீடுகளிலே இன்றும் அச்சொல் கூசாமல் வழங்குவதைக் கேட்கிறேன். ஊர்நாய் என்றோ நாட்டுநாய் என்றோ சொல்வதற்கு நமக்குச் சொல்வறுமை இல்லையே.

இதனால் இனநாய்களை நான் வெறுக்கிறேன் என்று எண்ணற்க. தமிழ்நாட்டு இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் நம் மண்ணின் செல்வங்களே. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சற்றுறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. ஆனால் அந்த நாயின் தூய வெண்ணிறத்தை விரும்பி விரும்பி வளர்த்ததனால் செவிட்டுக் குட்டிகளும் பிறக்க நேர்ந்தன. கண்ணுக்கு அழகைத் தெரிபவன் நாயின் காதை விலையாகக் கொடுக்கிறான். தெரிவிலே முதலில் வரவேண்டுவது அழகன்று. வீட்டிலே குழந்தை உண்டா, முதியோர் உண்டா, பகலெல்லாம் ஆள் இருக்குமா, கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களிலே அடர்ந்த உரோமமுள்ள பிராணிக்கு நிழல் உண்டா, நல்ல நாளில் மாத்திரமன்றிக் கெட்ட நாளிலும் அதற்குச் சோறு உண்டா என்பனவே வினாக்கள். பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மனிதரே வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டை நாம் மறத்தலாகாது.

முன்னமே நாயுள்ள வீட்டுக்கு இன்னும் ஒரு வினா உண்டு. இருக்கிற நாய் யாரை ஏற்கும்? பொதுவிலே கடுவனுக்குப் பெட்டையும், பெட்டைக்குக் கடுவனும் இணங்குதல் எளிது. ஒரே பாலாய், ஒரே வயதாய், ஒரே வலிமையாய் இரண்டு இருந்தாற் பூசல் வர இடமுண்டு. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை ஒன்றாக வாங்கி வந்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மனிதரை மறந்துவிடுவதும், வளர்ந்தபின் தம்முள் பகைப்பதும் உண்டு. கிழநாய்க்குத் துணையென்று துள்ளும் குட்டியைக் கொண்டுவருவது, கிழவருக்குத் துணையென்று பாலர் வகுப்பையே வீட்டில் வைப்பதற்குச் சமம். கிழவர் ஓய்ந்து ஒதுங்குவதற்கு ஓர் இடம் இருந்தால் மாத்திரமே அது தகும். அன்றியும், குட்டியையே தெரிய வேண்டுமென்னும் நியதியும் இல்லை. குட்டியின் குணம் எழுதப்படாத ஏடு. வளர்ந்த நாயின் குணமோ பார்த்துப் படிக்கத்தக்கது.

மூன்றாவது, அதிகாரம். 'வீட்டிலே ஒரு நாய்தான் தலைவன், மற்றது அடங்க வேண்டும், இரண்டுக்கும் மேலே மனிதன் பிரம்போடு நிற்க வேண்டும்' என்னும் கொள்கையை நான் வேதமாகக் கொண்டிருந்தேன். இதன் பிறப்பு விசித்திரமானது. ஷெங்கல் என்னும் அறிஞர், கூட்டிலடைத்த ஓநாய்களை ஆராய்ந்து 1947இல் எழுதியதிலிருந்து இது பரவியது. உறவில்லாத ஓநாய்களைச் சிறையிலே ஒன்றாக அடைத்தால் அவை தலைமைக்குப் போராடுதல் இயல்பே. டேவிட் மெக் என்னும் அமெரிக்க அறிஞரும் 1970இல் வெளியிட்ட தம் நூலிலே அக்கருத்தை எடுத்தாண்டார். பின்னர்க் காட்டிலே சுயேச்சையாய் வாழும் ஓநாய்களைப் பல்லாண்டு நேரில் கண்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளுமாகிய குடும்பமே என்று 1999இல் திருத்தி எழுதினார். தாம் பரப்பிய கருத்தைத் தாமே திருத்திய அந்த நேர்மையை வியக்கிறேன். சிறைச்சாலையின் சட்டத்தை நாம் வீட்டின் சட்டம் என்று நினைத்திருந்தோம். நாய்க்கு வேண்டுவது சர்வாதிகாரியன்று. பங்கீட்டிலே நேர்மையுள்ள ஒரு தாய்.

இனி அந்த உரப்பைக்கு வருகிறேன். ஐந்தினுள் ஒன்றையே தூக்கியதன் காரணம் இதுதான். கறுப்பனுக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் இருவருடைய வருவாய் ஓய்வூதியம் மாத்திரமே. இரண்டாவது நாயை நேர்மையாய் வளர்க்க முடியும் என்று கணக்கிட்டேன். ஆறு நாய்களை வளர்க்க முடியாது என்றும் கணக்கிட்டேன். இரக்கத்தினால் ஐந்தையும் அள்ளிவந்து ஆறு மாதத்தின் பின் வேறொரு வீதியில் விடுவது இரக்கமாகாது. ஐந்தினுள் பாய்ந்து கடிக்க வந்ததையும் விட்டேன். மூலையில் ஒடுங்கிக் கிடந்ததையும் விட்டேன். என் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு அமைதியாய் மடியில் இருந்த செந்நிறக் குட்டியை எடுத்தேன். பெயர் செம்பி.

இம்முறை அவளை நேரே விறாந்தைக்குக் கொண்டுபோகவில்லை. மிருக வைத்தியர் பார்த்து, எட்டு வாரக் குட்டி என்று மதித்து, பூச்சிமருந்தும் ஊசியும் கொடுத்தார். வீதியில் கிடந்த குட்டிக்குப் பார்வோ முதலிய தொற்றுநோய் இருக்கக்கூடுமாகையால், இரண்டு வாரம் கோழிக்கூட்டுப் பக்கத்து அறையிலே தனியே வைக்கும்படி சொன்னார். அவ்விரண்டு வாரமும் கறுப்பனுடைய வாழ்க்கையில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. அவனுடைய சாக்கு அதே விறாந்தையில், அதே இடத்தில் கிடந்தது. குட்டி நோயற்றது என்று தெரிந்தபின் அவள் படுத்த துணியை அவனுக்கு முகரக் கொடுத்தோம். அவனுடைய சாக்கின் ஒரு துண்டை அவளுக்குக் கொடுத்தோம். நாய்க்கு மூக்கே கண். மூக்கினால் அறிமுகமானவரை அது பாதி அறிந்துவிடும்.

முதற் சந்திப்பை எங்கள் வளவுக்குள் வைக்கவில்லை, கறுப்பனுக்கு உரிமையில்லாத ஒரு வெறும் வளவிலே வைத்தோம். மனைவி கறுப்பனின் கயிற்றைப் பிடித்தாள். நான் செம்பியின் கயிற்றைப் பிடித்தேன். கயிறு இறுகினால் நாயின் உள்ளமும் இறுகும். ஆகையால் தளர்த்தியே பிடித்தோம். முகத்துக்கு முகம் கொண்டுபோய் நிறுத்தாமல், இருவரையும் ஒரே திசையில், பத்து முழ இடைவெளியில் நடத்தினோம். நாளடைவில் அவ்விடைவெளியைக் குறைத்தோம். உடல் மரம்போல் விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, கண் இமையாது நோக்கினால் அப்பாற் போக வேண்டும். பக்கவாட்டில் வளைந்து வந்து முகர்வதும், முன்கால்களை நிலத்தில் ஊன்றிப் பின்புறத்தை உயர்த்துவதும் நட்பின் அடையாளம். வால் ஆடுவதை மாத்திரம் நம்புதலாகாது. கோபத்தாலும் வால் ஆடும்.

மூன்றாம் நாள் குட்டி அவன் வாயை நக்கப் போனாள். அவன் உறுமினான். பிரம்பைத் தேடி என் கை எழுந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். கை தாழ்ந்தது. செம்பி உறுமலைக் கேட்டு நிலத்தில் மல்லாந்து படுத்தாள். அவன் அவளை முகர்ந்துவிட்டு அப்பாற் சென்றான். நான் தலையிட்டிருந்தால் அவர்கள் தம்முள் பேசி முடித்த அந்த வழக்கை நான் கெடுத்திருப்பேன்.

வீட்டிலே இரண்டு தட்டுகள், இரண்டு மூலைகள். நடுவே பலகைத் தடுப்பு. முதற் சோறு கறுப்பனுக்கு, இரண்டாவது செம்பிக்கு. இருவருக்கும் ஒரே சோறு. உண்டு முடிந்ததும் தட்டுகளை எடுத்துவிடுவோம். எலும்பு முதலிய ஆசைப்பண்டங்கள் தனித்தனியே. பேரன் வரும்போது எந்த நாய்க்கும் அவன் கையால் தின்பண்டம் இல்லை. நாங்கள் இருவரும் வெளியே போகும்போது முதல் மூன்று மாதமும் அவர்களைப் பிரித்தே வைத்தோம். நாளுக்கொருமுறை ஒவ்வொருவரோடும் தனியே சிறிது நேரம். செம்பிக்குப் பருவம் வருமுன் வைத்தியர் சொன்ன காலத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். கறுப்பனுக்கும் செய்வித்தோம். ஒருநாள் மாரி மழையிலே விறாந்தைக்கு வந்தபோது, கறுப்பனுடைய சாக்கிலே இருவரும் முதுகோடு முதுகு சேர்ந்து கிடந்தனர். அவன் தானே விட்டுக்கொடுத்த இடம் அது. றெக்ஸுக்கு நான் பறித்துக் கொடுத்த அதே இடம்.

இத்தனை பாடு ஒரு நாய்க்கா, மனிதர்க்கே வழியில்லாத நாட்டிலே இது பணக்காரர் விளையாட்டன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். நான் கூறியவற்றுள் பணம் கேட்பது வைத்தியம் ஒன்றே. ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு, ஒரு மூலைக்கு இரண்டு மூலை, சிறிது பொறுமை என்பவற்றுக்கு விலை இல்லை. மேலும், வந்தவர் இருந்தவர் என்னும் சங்கடத்தை இம்மாவட்டத்து மக்களுக்கு யான் விளக்க வேண்டுவதில்லை. 1990இலும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னும், 2006இலும் இடம்பெயர்ந்து பிறர் வீட்டுக் குசினியிலே அடுப்பு மூட்டியவர் நம்மிற் பலர். வந்தவர்க்கு இடங்கொடுத்த வீடுகள் யாவற்றிலும் அன்பு இருந்தது. ஆனால் சண்டையின்றி நடந்தவை, யாருக்கு எந்த மூலை, யாருக்கு எப்போது அடுப்பு என்பதை முதல்நாளிலேயே நேர்மையாய் வகுத்த வீடுகள்தாம். அன்பு மாத்திரம் போதாது, ஒழுங்கும் வேண்டும் என்பதை அங்கே கற்றோம். அதை நாய்க்குச் செய்வதிலே இழிவொன்றுமில்லை.

இது ஒரு வீட்டுச் சங்கதியாய் நின்றுவிடுவதுமன்று. தெருநாய்ப் பிரச்சினை என்று நாம் கூக்குரலிடுவதன் ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது. இலங்கையிலே 1893ஆம் ஆண்டிலேயே விசர்நாய்க்கடி நோய்க்கென ஒரு சட்டமும், 1901இலே நாய்களைப் பதிவதற்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. நெடுங்காலம் தெருநாய்களைக் கொன்றார்கள். அப்படியிருந்தும் 1973ஆம் ஆண்டிலே அந்நோயினால் இந்நாட்டில் இறந்தோர் 377 பேர். 2006ஆம் ஆண்டிலிருந்து கொல்லாமைக் கொள்கை வந்தது. தடுப்பூசியும் கருத்தடையும் முன்னே வந்தன. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இறப்போர் தொகை சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. அதனைக் குறைத்தது துப்பாக்கியன்று. 1885ஆம் ஆண்டு பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்ட ஊசியின் வழிவந்த ஊசிகளே. இந்தியாவிலும் 2025 ஓகஸ்டிலே தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கும்படி உச்சநீதிமன்றம் முதலில் ஆணையிட்டு, பதினொரு நாளில் அதனைத் திருத்தி, நோயும் மூர்க்கமும் உள்ளவை ஒழிந்தவற்றுக்கு ஊசியும் கருத்தடையும் செய்து பிடித்த இடத்திலேயே விடும்படி கூறிற்று.

கொல்வதா, அடைப்பதா, விடுவதா என்னும் இவ்வழக்கிலே யாரும் கேளாத வினா ஒன்று உண்டு. அந்த நாய் தெருவுக்கு வந்தது எப்படி? தெருவிலே பிறந்தவை பல என்பது மெய். ஆனால் அவற்றின் தாயோ பாட்டியோ யாரோ ஒருவர் வீட்டுப் படலையைத் தாண்டி வெளியே தள்ளப்பட்டிருப்பாள். பெட்டை என்பதற்காக, கடித்தது என்பதற்காக, இருந்த நாயோடு இணங்கவில்லை என்பதற்காக, குட்டியாயிருந்தபோது இருந்த அழகு போயிற்று என்பதற்காக. றெக்ஸைக் கொடுத்துவிட்ட நானும் அந்த வரிசையில் ஒருவனே. தெருநாய் என்று ஒரு தனி இனம் இல்லை. வீட்டார் ஆராயாமற் செய்த தெரிவின் மிச்சமே தெருநாய். தெருவைத் திருத்தப் புறப்படுமுன் படலைக்கு உள்ளே திருத்துவோம் என்பதே என் துணிபு.

யானை போன்றாரது நட்பை விட்டு நாய் போன்றாரது நட்பைக் கொள்க என்று நாலடியார் அறிவுறுத்துகிறது. உடம்பிலே வேல் தைத்து நிற்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் என்று நாயை அது மெச்சுகிறது. அந்தப் புகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குப் பலமுறை கற்பித்தேன். இப்போது அதைப் படிக்கும்போது நாயின் பெருமையைவிட, வேலை எறிந்தவனுடைய கையே என் கண்ணில் நிற்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை அக்கட்டுரையைக் கொடுக்கும்போது தலைப்பை மாற்றுங்கள். 'எங்கள் வீட்டுக்கு நாய் வந்த நாள்' என்று கொடுங்கள். எங்கிருந்து வந்தது, ஏன் அதைத் தெரிந்தார்கள், எங்கே படுத்தது, முன்னிருந்த நாய்க்கு என்ன ஆயிற்று, ஊசி போட்டார்களா, இப்போது அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடைசி வினாவுக்குப் பல பிள்ளைகளால் விடையெழுத முடியாதென்று அஞ்சுகிறேன். அந்த வெற்றிடத்தைச் சிவப்பு மையினாற் சுழித்து, பெற்றோரிடம் கேட்டு வரும்படி அனுப்புங்கள்.

என்னிடமும் அவ்வினாவைக் கேட்கலாம். றெக்ஸ் எங்கே என்று தெரியாது. கொடுத்த தோட்டத்தில் அவன் இல்லை. அந்த உரப்பையிலே எஞ்சிய நான்கு குட்டிகளுக்கும் வீடு தேடி அன்றிரவே நாலைந்து படலைகளைத் தட்டினேன். 'கடுவன் என்றால் தாருங்கள் மாஸ்டர்' என்றார்கள். மறுநாள் விடியற்காலையில் வைத்த இடத்துக்குச் சென்றேன். மூலையில் ஒடுங்கிக் கிடந்த குட்டி லொறியில் அடிபட்டுக் கிடந்தது. மற்ற மூன்றையும் காணவில்லை. யாரேனும் எடுத்திருப்பர் என்று வீட்டிலே சொன்னேன். செம்பியை ஒத்த செந்நிற நாய் ஒன்று, மடி தொங்க, சந்திக் கடையடியிலே திரிவதை இப்போது சில நாட்களாகக் காண்கிறேன்.